ஆண்டவருக்கு முன்னமே தெரியுமெண்டா நாம ஏன் கேக்கணும்? வீட்டு ஜெபம் பற்றி விபரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

கல்லடிப்பாலம்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். மட்டக்களப்பில கல்லடி, நாவற்குடா பக்கம் புதுசாக் கலியாணம் முடிச்ச குடும்பங்களுக்காக வீட்டு ஜெபம் பற்றி ரெண்டு பக்கக் கையேடு ஒண்டு தயாரிக்கிறம். இதில பல வீட்டில புருசன் மெதடிஸ்த, பெஞ்சாதி கத்தோலிக்கம், இல்லாட்டி மறுவளம். அதால ஒரு சபைக்கு மட்டும் பொருந்துற முறை சரிவராது.

திரும்பத் திரும்ப வாற கேள்விகள் மூண்டு. மத்தேயு 6:8ல, நாம கேக்க முதலே நமக்கு என்ன தேவையெண்டு பிதாவுக்குத் தெரியும் எண்டு இயேசுவே சொல்றார். அப்ப ஏன் கேக்கணும்? அடுத்தது, வேலை, ரியூசன் எல்லாம் முடிஞ்சு பின்னேரம் கிடைக்கிற கால் மணித்தியாலத்தில என்ன செய்ற, எந்த ஒழுங்கில செய்ற? கடைசியா, வருசக்கணக்கா ஒண்டையே கேட்டுக் களைச்சுப்போன ஆக்களுக்கு என்ன சொல்ற? "விசுவாசமா ஜெபியுங்க, எல்லாம் சரிவரும்" எண்டு எழுதக் கையேடு தேவையில்ல. செய்யக்கூடிய மாதிரி விபரமாச் சொல்லுங்க.

வாவிக்கரை:
முதல் கேள்வி மிகப் பழையது. 412ஆம் ஆண்டளவில் புரோபா என்ற விதவைக்கு எழுதிய கடிதத்தில் ஆயர் அகுஸ்தீன் இதையே எடுத்துப் பேசுகிறார். கடவுளுக்குத் தகவல் சொல்வதற்காக நாம் கேட்பதில்லை. அவர் தரவிருப்பதைப் பெற்றுக்கொள்ளும் அளவுக்கு நம் ஆசை விரிய வேண்டும், கேட்கக் கேட்கத்தான் அது விரியும் என்பது அவர் பதில். 13ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தோமா அக்குவினாஸ் இன்னொரு பக்கத்தால் வருகிறார். ஜெபம் கடவுளின் ஏற்பாட்டை மாற்றுவதில்லை. சில நன்மைகளை நம் மன்றாட்டின் வழியாகவே தருவது என்பதும் அவருடைய ஏற்பாட்டில் ஒரு பகுதி. மழையும் வெயிலும் கடவுள் தருகிறார், ஆனாலும் விதைக்காத வயலில் யாரும் வேளாண்மை வெட்டுவதில்லை.

மத்தேயு 6:8ஐ அடுத்த வசனத்தோடு சேர்த்து வாசியுங்கள். "பிதா அறிந்திருக்கிறார், ஆகவே கேளாதிருங்கள்" என்று இயேசு சொல்லவில்லை. அறிந்திருக்கிறார் என்று சொன்ன கையோடு கர்த்தருடைய ஜெபத்தை ("எங்கள் பிதாவே" என்று தொடங்குவது) கற்றுக்கொடுக்கிறார். பிதாவுக்குத் தெரியும் என்பதால் குறைகிறது நம் பேச்சின் நீளம் மட்டுமே.

அந்த ஜெபத்தின் ஒழுங்கை உங்கள் கையேட்டின் எலும்புக்கூடாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று விண்ணப்பங்களும் கடவுளைப் பற்றியவை: நாமம், ராஜ்யம், சித்தம். ஆகாரம், மன்னிப்பு, சோதனை, தீமை எல்லாம் அதற்குப் பிறகுதான். நாம் பெரும்பாலும் நேரே ஆகாரத்தில் தொடங்கி அதிலேயே முடிக்கிறோம். ஒழுங்கு மாறினால் ஜெபத்தின் நோக்கமும் மாறிப்போகிறது. தேவைகளைச் சொல்ல முன் "உம்முடைய சித்தம்" என்று சொன்ன ஒருவர், தன் தேவைகளில் எதைச் சொல்வது, எதை விடுவது என்று தானாகவே யோசிக்கத் தொடங்குவார்.

செய்முறை இதுதான். ஒரு விண்ணப்பத்தைச் சொல்லி நிறுத்துங்கள். அந்த விண்ணப்பத்துக்குள் வரக்கூடிய, அன்றைய ஒரே ஒரு விடயத்தைப் பெயர் சொல்லி வையுங்கள். "சித்தம்" என்னும்போது வீட்டில் எடுக்க இருக்கும் முடிவு: காணி வாங்குவதா, கட்டாருக்குப் போவதா, பிள்ளை உயர்தரத்தில் எந்தப் பிரிவு படிப்பது. "ஆகாரம்" என்னும்போது நம் வீட்டு அரிசியோடு, இந்தக் கிழமை கூலி வேலை கிடைக்காத பக்கத்து வீட்டையும் சேருங்கள். அந்த விண்ணப்பம் "எங்களுக்கு" என்று தான் கேட்கிறது. "மன்னிப்பு" என்னும்போது ஆளின் பெயரை மனதுக்குள் மட்டும். ஆறுதலாகச் செய்தால் பத்து நிமிடம் ஆகும். கூட்டத்தின் முடிவில் கதிரையை எடுத்துக்கொண்டே இருபது செக்கனில் ஓட்டி முடிப்பதற்குக் கொடுக்கப்பட்ட ஜெபம் அல்ல அது. முதலாம் நூற்றாண்டின் முடிவையொட்டியது என்று பலர் கருதும் திதாக்கே என்ற சபை ஒழுங்கு நூல், இதை நாளுக்கு மூன்று தரம் சொல்லச் சொல்கிறது.

புளியந்தீவு மறைக்கல்வி:
தம்பி, கத்தோலிக்க வீடுகளுக்காக நான் சொல்றன். பின்னேர செபம் எண்டா செபமாலைதான் முதல் ஞாபகம் வாறது. முழு செபமாலையில அருள்நிறை மரியே 53 தரம், கர்த்தர் கற்பித்த செபம் 6 தரம், ஒழுங்காச் சொன்னா 18 முதல் 20 நிமிசம். அஞ்சு வயசுப் பிள்ளைய 20 நிமிசம் முழங்காலில வைச்சா அது செபத்தையே வெறுக்கும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில ஒரு பத்து, அதாவது அருள்நிறை மரியே பத்துத் தரம், போதும், நாலு நிமிசம். ஏழெட்டு வயசானதும் பிள்ளையையே முன்சொல்ல விடுங்க. ஒக்டோபர் மாசம் மட்டும் முழுசாச் சொல்லிப் பழக்கலாம்.

வழக்கமாப் பிழைக்கிற இடம் வேகம். முன்சொல்றவர் "இயேசுவும் ஆசீர்வதிக்கப்பட்டவரே" எண்டு முடிக்க முதலே மற்றவங்க "புனித மரியாயே" எண்டு ஏறிவிழுவாங்க, அது முடிய முதல் இவர் அடுத்ததைத் தொடங்குவார். இப்பிடிப் போனா எல்லாரும் மணியத்தான் எண்ணிக்கொண்டிருப்பம், நற்செய்தி மனசில நிக்காது. முன்சொல்றவர் ஒருத்தர் நிதானமா மூச்செடுத்துத் தொடங்கினாலே மற்றவங்களும் அடங்குவாங்க. ஒவ்வொரு பத்துக்கும் முன்னால அந்தத் தேவ இரகசியத்துக்குரிய (அந்தப் பத்தில தியானிக்கிற இயேசு, மாதா வாழ்க்கைச் சம்பவம்) நற்செய்தி வசனம் ஒண்டை வாசிச்சு, அந்தப் பத்தை யாருக்காக ஒப்புக்குடுக்கிறம் எண்டு சொல்லுங்க. ஆயித்தியமலை மாதா கோவிலுக்கு யாத்திரையா நடந்து போறவங்களும் இதைக் கவனிக்கணும். நடக்கிற வேகத்தில சொன்னா மூச்சு வாங்கும். ஒரு பத்து சொல்லி, ரெண்டு நிமிசம் பேசாம நடந்து, பிறகு அடுத்த பத்து.

கலப்பு வீட்டுக்கு ஒரு யோசனை. சந்தோச தேவ இரகசியங்கள் அஞ்சும் லூக்கா 1, 2ஆம் அதிகாரங்களில இருக்கு. துக்கமும், 2002ல பாப்பரசர் 2ஆம் ஜோன் போல் சேர்த்த ஒளியின் தேவ இரகசியங்களும் முழுக்க நற்செய்திச் சம்பவங்கள். இதுகளில மெதடிஸ்த புருசன் வேதப்பகுதிய வாசிக்க, பெஞ்சாதி பத்து மணியச் சொல்லலாம். மகிமையில கடைசி ரெண்டும், மாதாவின் விண்ணேற்பும் முடிசூட்டலும், அவங்களுக்குக் கஷ்டமா இருக்கும். அதை அவங்கட வாயில திணிக்காதீங்க. அந்த நாளில எல்லாருமா ஒரு திருப்பாடல் (சங்கீதம்) வாசிச்சு, கர்த்தர் கற்பித்த செபம் சொன்னாப் போதும். மற்றதை அவ தனியச் சொல்லிக்கொள்ளலாம்.

பெரியகல்லாறு:
மெதடிஸ்த முறையில நேரக்கணக்கோட சொல்றன். 1814ல மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்ததோட இங்க வேர்விட்ட வழக்கத்தில, ஞாயிறு ஆராதனையப் போல சின்னக் குழுவுக்கும் பெரிய இடம். 1742ல பிரிஸ்டலில ஜோன் வெஸ்லி தொடங்கின வகுப்புக் கூட்டம் பன்னிரண்டு பேரளவில. குடும்பம் அதைவிடச் சின்னக் குழு, அவ்வளவுதான்.

இராச்சாப்பாட்டுக்கு முன்னால வையுங்க. சாப்பிட்ட பிறகெண்டா நித்திரை வந்திரும், போனும் கைக்கு வந்திரும். பாட்டு ஒரு சரணம், ரெண்டு நிமிசம். வேதவாசிப்பு பத்துப் பன்னிரண்டு வசனம், அதுக்கு மேல வேணாம். மாற்குவில தொடங்கினாச் சம்பவம் சம்பவமாப் போகும், பிள்ளைகள் கேக்கும். வாசிச்சு முடிஞ்சதும் ஒரு நிமிசம் ஒருத்தரும் கதைக்கக் கூடாது. இந்த ஒரு நிமிசத்தத்தான் எல்லா வீட்டிலயும் முதல்ல வெட்டுறாங்க. ஜெபத்தில நாம கேக்கிறது பாதி எண்டா ஆண்டவர் சொல்றதைக் கேக்கிறது மற்றப் பாதி, அதுக்கு இருக்கிற இடம் இது மட்டும்தான். பிறகு ஆளுக்கு ஒரு வாக்கியத்தில நன்றி, ஆளுக்கு ஒரு வாக்கியத்தில விண்ணப்பம். கர்த்தருடைய ஜெபம். கடைசியா வீட்டுப் பெரியவர் எண்ணாகமம் 6:24 முதல் 26 வரை உள்ள ஆசீர்வாதத்தைப் பிள்ளைகளின் தலையில கைவைச்சுச் சொல்லணும். எல்லாம் சேர்த்து 15 நிமிசம்.

ஒரு கெட்ட பழக்கத்தை உங்கட கையேட்டில பெரிய எழுத்தில போடுங்க. "ஆண்டவரே, இவன் சொல்வழி கேக்கிறானில்ல, போனை வைக்கிறானில்ல, இவனுக்குப் புத்தியத் தாரும்." கண்ணை மூடிக்கொண்டு இப்பிடிச் சொல்ற தகப்பன் பிள்ளையத்தான் ஏசுறார். பக்கத்தில இருக்கிற பிள்ளைக்கு அது தெரியும், பதினாலு வயசில அது எழும்பிப் போகும். பிள்ளையைப் பற்றிச் சொல்லணுமெண்டா நன்றியாச் சொல்லுங்க. குறைய எல்லாரும் நித்திரையான பிறகு தனிய இருந்து சொல்லுங்க. பாவ அறிக்கை எண்டு வந்தா முதல்ல வாய் திறக்கவேண்டியது பெரியவங்க: "இண்டைக்குக் காலையில நான் அம்மாவோட கத்திக் கதைச்சன், மன்னியும்." தகப்பன் இதைச் சொன்னா அந்த வீட்டில பிள்ளைகளும் உண்மையாச் ஜெபிக்கப் பழகும்.

ஏறாவூர்ப்பற்று சாட்சி:
சகோதரர்களே, அன்போட ஒரு மறுப்பு. எழுதி வைச்ச ஜெபமும் மணி எண்ணுறதும் ஜெபமா? "வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்" எண்டு அதே மத்தேயு 6:7ல இருக்கு. ஆவியானவர் தாற வார்த்தைய நாம ஏன் புத்தகத்தில தேடணும்? ரோமர் 8:26 படி, நாம ஏற்றபடி வேண்டிக்கொள்ள அறியாம இருக்கிறபோது ஆவியானவர் தாமே வேண்டுதல் செய்றார்.

வாவிக்கரை:
நியாயமான கேள்வி. ஆனால் மத்தேயு 26:44ஐப் பாருங்கள். கெத்செமனேயில் இயேசு மூன்றாம் தரமும் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார். சிலுவையில் அவர் வாயில் வந்தவை 22ஆம், 31ஆம் சங்கீதங்களின் வார்த்தைகள், அவருக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்டவை. 6:7 கண்டிப்பது, அதிகம் பேசினால் கடவுள் கேட்பார் என்ற நினைப்பை. அந்த நினைப்பு எழுதிய ஜெபத்திலும் வரும், சுயமாய்ச் செய்யும் ஜெபத்திலும் வரும். சுய ஜெபங்களை உற்றுக் கேளுங்கள்: நாலு சொல்லுக்கு ஒரு "ஆண்டவரே", பத்துச் சொல்லுக்கு ஒரு "தகப்பனே", எந்த வீட்டிலும் அதே ஆறேழு வசனங்கள். அவையும் மனப்பாடம்தான். அது குற்றமில்லை, ஆனால் எழுதிய ஜெபம் மட்டும் மனப்பாடம் என்று சொல்ல முடியாது.

நீங்கள் காட்டிய ரோமர் 8:26க்கு இடம் வேண்டும் என்பதை முழு மனதோடு ஒத்துக்கொள்கிறேன். அந்த வசனம் பேசுவது வாக்குக்கடங்காத பெருமூச்சுகளைப் பற்றி. வார்த்தை வராமல் உட்கார்ந்திருப்பதும் ஜெபம் என்று களைத்துப்போன ஒரு தாய்க்குச் சொல்லிக்கொடுங்கள்.

கூச்சத்தால் வாய் திறக்காதவர்களுக்கு மேற்குத் திருச்சபையின் பழைய சுருக்க ஜெபத்தின் அமைப்பைக் காட்டலாம். ஐந்து துண்டு. கடவுளை அழைப்பது, அவர் செய்த ஒன்றை நினைவுகூர்வது, ஒரே ஒரு வேண்டுகோள், அது எதற்காக என்பது, கிறிஸ்துவின் வழியாக என்று முடிப்பது. கல்லாற்றிலோ பாசிக்குடாவிலோ ஒரு வீட்டில் இப்படி வரும்: "வானத்தையும் கடலையும் உண்டாக்கின பிதாவே, உம்முடைய குமாரன் காற்றை அதட்டி அமரப்பண்ணினார். இன்று இரவு வலை போடப் போனவங்களைக் காலையில கரைசேரும். அவங்கட பிள்ளைகள் பயமில்லாம நித்திரை கொள்ளட்டும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், ஆமென்." முப்பது செக்கன்தான். இரண்டாவது துண்டைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். கடவுள் ஏற்கெனவே செய்த ஒன்றின்மேல் நின்றுதான் அடுத்ததைக் கேட்கிறோம். அந்தத் துண்டு இல்லாமல் போனால் பட்டியல் மட்டுமே மிஞ்சும்.

ஏறாவூர்ப்பற்று சாட்சி:
ஐயா, பெருமூச்சு பற்றிச் சொன்னது சரி. அந்நிய பாஷையில ஜெபிக்கிற எங்கட சபைகளிலயும் 1 கொரிந்தியர் 14:15 வாசிக்கப்படணும், ஆவியோடும் கருத்தோடும் எண்டு. வீட்டில பிள்ளைகளுக்கு முன்னால விளங்குற தமிழில ஜெபிக்கிறதுதான் அதே அதிகாரத்தின் ஒழுங்கு. இதை நானும் ஏத்துக்கொள்றன்.

புளியந்தீவு மறைக்கல்வி:
மற்றவங்களுக்காக மன்றாடுறதைப் பற்றி ஒருத்தரும் சொல்லல்ல. பூசையில விசுவாசிகள் மன்றாட்டுக்கு ஒரு ஒழுங்கு இருக்கு: முதல்ல திருச்சபை, பிறகு நாட்டை ஆள்றவங்களும் முழு உலகமும், பிறகு துன்பப்படுறவங்க, கடைசியா நம்மட ஊர்ச் சமூகம். நம்மட ஊர் கடைசியில வாறதைக் கவனியுங்க. வீட்டிலயும் இதே ஒழுங்கை வைக்கலாம்.

சி.ஆர். கொப்பி ஒண்டை எடுத்து ஒரு பக்கத்தை நாலாப் பிரியுங்க: திகதி, யாருக்காக, என்ன கேட்டம், பிறகு என்ன நடந்தது. நாலாவது இடம் வெறுமையாவே இருந்தாலும் பரவால்ல, ஆனா அது இருக்கணும். மூண்டு மாசம் கழிச்சுப் புரட்டினா நாம எதைக் கேக்கிறம், யாரை ஒருநாளும் நினைக்கிறதே இல்ல எண்டு தெரியும். எல்லாப் பேரையும் ஒரே நாளில வாசிக்காதீங்க. திங்கள் வருத்தக்காரர், செவ்வாய் படிக்கிற பிள்ளைகள், புதன் வெளிநாட்டில உழைக்கிறவங்க எண்டு பிரிச்சா ஒரு நாளைக்கு நாலு பேருக்கு மேல வராது.

கவனமா இருக்கவேண்டிய இடம் வட்ஸ்அப் குழு. "செபத்துக்காக" எண்டு போட்டு ஒருத்தியின் புருசன் விட்டுட்டுப் போன கதை, ஆஸ்பத்திரிக் கட்டிலில படுத்திருக்கிற படம், பரிசோதனை முடிவு எல்லாம் ஊர் முழுக்கப் போகும். வேண்டிக்கொள்றது எண்ட பேரில நடக்கிற வம்பு அது. உரிய ஆளிட்ட அனுமதி கேளுங்க. கேக்காட்டி "ஒரு சகோதரிக்குச் சத்திரசிகிச்சை" எண்டு போட்டாலே போதும், ஆளை ஆண்டவருக்குத் தெரியும்.

கல்லடிப்பாலம்:
அக்கா, இந்தக் கொப்பி விசயம் அப்பிடியே கையேட்டில போகுது. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் பற்றியும் கேக்கணும். எங்கட ஆக்களில சீனி வருத்தக்காரர் கனபேர். தண்ணியும் குடிக்காம இருந்தாத்தான் உபவாசம் எண்டு சிலர் சொல்றாங்க.

கல்முனைத் தாதி:
உடம்பு சம்பந்தமான பகுதிக்கு நான் பதில் சொல்றன். இன்சுலின் போடுறவங்க, கிளிபென்கிளமைட் மாதிரிச் சீனியக் குறைக்கிற குளிசை எடுக்கிறவங்க சாப்பாட்டை விட்டா இரத்தத்தில சீனி சடாரெண்டு இறங்கும். வியர்வை, கை நடுக்கம், நெஞ்சு படபடப்பு, கதை தடுமாற்றம் வந்தா உபவாசத்தை அந்த இடத்திலயே முறிக்கணும். ஆள் விழுங்கக்கூடிய நிலையில இருந்தா மூண்டு தேக்கரண்டி சீனிய தண்ணியில கரைச்சுக் குடுங்க, 15 நிமிசத்தில திரும்பப் பாருங்க. மயங்கின ஆளுக்கு வாயில ஒண்டும் ஊத்தாம ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. கூட்டத்தில ஆள் தடுமாறி விழுறதை ஆவியின் அசைவெண்டு நினைச்சுப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. உபவாசம் இருக்க விரும்புற வருத்தக்காரர் முதல்ல கிளினிக்கில கேக்கணும், மருந்தைத் தாங்களா நிறுத்தக் கூடாது. கர்ப்பிணி, பால் குடுக்கிற தாய், சிறுநீரக வருத்தக்காரர் இருக்கத் தேவையில்ல. வைகாசி தொடக்கம் ஆவணி வரைக்கும் கச்சான் காத்து அடிக்கிற சூடான காலத்தில தண்ணி விடுறது சுகமான ஆளுக்கும் ஆபத்து.

எஸ்தர் 4:16ல மூண்டு நாள் தண்ணியில்லாத உபவாசம் இருக்கு, உண்மை. ஒரு இனமே அழியப்போன நேரத்தில ஒரே ஒருக்கா நடந்தது அது. கிழமைக்குக் கிழமை செய்யச் சொன்ன கட்டளை இல்ல. கத்தோலிக்க ஒழுங்கு இதைவிட எளிது: விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும் ஒருநேர முழுச் சாப்பாடு, மற்ற ரெண்டு நேரமும் சேர்ந்தாலும் ஒரு முழுச் சாப்பாடு ஆகாத அளவு. அதுவும் 18 முதல் 59 வயசு வரைக்கும், சுகமில்லாதவங்களுக்கு விலக்கு. சாப்பாட்டை விட முடியாதவங்க போனை விடலாம், ஏசாயா 58:7ஐச் செய்யலாம்: பசித்தவனுக்குப் பகிர்ந்துகொடுக்கிற. மிச்சம் பிடிச்ச சாப்பாட்டுக் காசு ஒரு வீட்டுக்குப் போய்ச் சேராட்டி அந்த அதிகாரத்தின்படி அது உபவாசமே இல்ல. முறிக்கிற நேரம் கஞ்சி, வாழைப்பழம். புரியாணிய வைச்சு முறிச்சா வயிறு எரியும்.

அதோட ஆஸ்பத்திரி வாட்டில வந்து ஜெபிக்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை. முதல்ல வருத்தக்காரரிட்ட "ஜெபிக்கட்டா?" எண்டு கேளுங்க, வீட்டாக்களிட்ட இல்ல. கையைக் கழுவிட்டுத் தொடுங்க. ரெண்டு நிமிசம், பக்கத்துக் கட்டிலுக்குக் கேக்காத சத்தம். அங்க படுத்திருக்கிறவங்க முஸ்லிமா, சைவமா இருப்பாங்க, அவங்களுக்கும் வேதனை. எண்ணெய் பூசுறதெண்டா நெத்தியில மட்டும், காயத்துக்கும் சேலைன் ஊசிக்கும் கிட்டப் போகாதீங்க. யாக்கோபு 5:14 மூப்பர்களைக் கூப்பிடச் சொல்லுது, மருந்தை நிறுத்தச் சொல்லல்ல. கத்தோலிக்க விவிலியத்தில சீராக் 38ஆம் அதிகாரம் செபத்தையும் வைத்தியரையும் ஒண்டா வைக்குது. "விசுவாசம் இருந்தாக் குளிசை எதுக்கு?" எண்டு கட்டிலடியில நிண்டு சொல்றவர் அந்த உயிருக்குப் பொறுப்பெடுக்க மாட்டார்.

சங்கீதம் வாசகன்:
உங்கட மூண்டாவது கேள்விக்கு வாறன். கையேட்டில ரெண்டு பக்கம்தான் எண்டா ஒரு பக்கத்தை இதுக்கு ஒதுக்குங்க.

இந்தக் கரையில இருக்கிறவங்களுக்கு இது புத்தகக் கேள்வி இல்ல. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, நத்தாருக்கு அடுத்த நாள். நாவலடியிலும் கல்முனையிலும் திருக்கோவிலிலும் சுனாமியில கடல் எடுத்தவங்களில ஜெபிக்கிறவங்க எத்தனை பேர். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு, குண்டு வெடிச்ச மட்டக்களப்பு சீயோன் தேவாலயம். பிள்ளைகள் ஜெபிக்க வந்த இடம். "நாங்க ஜெபிச்சம், தப்பினம்" எண்டு சாட்சி சொல்ற நேரம், தப்பாதவங்களின் தாய் அதே வாங்கில இருக்கிறா எண்டதை நினைக்கணும். லூக்கா 13:4ல சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேரும் மற்றவங்களைவிடக் குற்றவாளிகளா எண்டு கேட்டு, "அப்படியல்ல" எண்டு இயேசுவே சொல்லிவிட்டார். "விசுவாசம் காணாது, அதுதான்" எண்டு செத்த வீட்டில சொல்றவர் இயேசு மறுத்ததைச் சொல்றார்.

எபிரெயர் 5:7 இதுக்கு நான் பிடிச்சு நிக்கிற வசனம். இயேசு பலத்த சத்தத்தோடும் கண்ணீரோடும் வேண்டினார், கேட்கப்பட்டார் எண்டு இருக்கு. கேட்கப்பட்டவர் சிலுவைக்குப் போனார். கேட்கப்படுறதும் கேட்டது கிடைக்கிறதும் ஒண்டில்ல எண்டதுக்கு இதைவிடப் பெரிய சாட்சி இல்ல. பவுலும் தன்ர உடம்பில இருந்த முள் நீங்கவேணுமெண்டு மூண்டு தரம் கேட்டார், முள் போகல்ல; பதில் வந்தது, 2 கொரிந்தியர் 12:9.

ஆனா பதிலே வராதவங்களுக்கு? அவங்களுக்குத்தான் முறையீட்டுச் சங்கீதங்கள். 150ல மூண்டில ஒரு பங்குக்கு மேல இந்த வகை. சபைகளில பாடுறது என்னவோ துதிச் சங்கீதம் மட்டும். 13ஆம் சங்கீதத்தை எடுங்க, ஆறே வசனம். முதல் ரெண்டு வசனத்தில "எதுவரைக்கும்" நாலு தரம்: மறந்திருப்பீர், முகத்தை மறைப்பீர் எண்டு கடவுளின் முகத்துக்கு நேரே. 3, 4ல வேண்டுகோள். 5, 6ல நம்பிக்கை. இந்த மூண்டு படியையும் வைச்சு ஒருவர் தன்ர சொந்த முறையீட்டை எழுதலாம். முதல் படிக்கு நிறைய இடம் விடுங்க. அதைச் சுருக்கி, அவசரமா மூண்டாவதுக்கு இழுத்துக்கொண்டு போறதுதான் போதகர்மார் செய்ற தவறு. மூண்டாவது படி இண்டைக்கு வராட்டி விடுங்க. 88ஆம் சங்கீதம் அந்தப் படிக்கு ஏறாமலே இருளில முடியுது, அதுவும் வேதத்தில இருக்கு. அன்னாள் உதடு மட்டும் அசைய அழுது ஜெபிச்சபோது ஆசாரியன் ஏலி அவளை வெறிகாரி எண்டு நினைச்சான், 1 சாமுவேல் 1. துக்கத்தில ஜெபிக்கிற பெண்ணைத் திருத்தப் போக முதல் ஊழியக்காரர் இதை வாசிக்கணும்.

எவ்வளவு காலம் கேக்கிறது? லூக்கா 18ல விதவை விடாமக் கேட்டாள், அதைச் சோர்ந்துபோகாம இருக்கத்தான் இயேசு சொன்னார். கதவு திறந்திருக்கும் வரைக்கும், கேக்கிற விசயம் நியாயமா இருக்கும் வரைக்கும் கேளுங்க: பிள்ளைப்பேறு, வேலை, காணாமப்போனவங்களின் செய்தி. காணாமப்போனவருக்காகக் கேக்கிற தாய்க்கு "இனி ஒப்புக்குடுங்க" எண்டு நாள் குறிக்கிற உரிமை யாருக்கும் இல்ல. மரணம் நிச்சயமான இடத்தில மட்டும் விண்ணப்பம் முறையீடா மாறும். அந்த மாற்றத்துக்கு மாசங்கள் எடுக்கும். அதுவரைக்கும் அந்த வீட்டுக்காக மற்றவங்க ஜெபிக்கிறதுதான் சபை. அவங்களால வாய் திறக்க ஏலாட்டி நாம போய் 13ஐ வாசிச்சிட்டு, பிரசங்கம் வைக்காம பிளேன்டீ குடிச்சிட்டு வரணும்.

கல்லடிப்பாலம்:
ஐயா, ஒரு பக்கம் இதுக்குத்தான். ஏறாவூர்ப்பற்று அண்ணன், புளியந்தீவு அக்கா, பெரியகல்லாறு ஐயா, எல்லாருக்கும் நன்றி. கடைசிக் கேள்வி: பத்து வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைகளுக்கு மனப்பாடமாக்க எந்தச் சங்கீதங்கள்?

பெரியகல்லாறு:
117 ரெண்டு வசனம், அதில தொடங்குங்க. பிறகு 134, 131, ரெண்டும் மும்மூண்டு வசனம். 134 இரவில சொல்ல ஏற்றது. 23 ஆறு வசனம், இதை ஏழு வயசுக்குப் பிறகு. ஒரு சங்கீதத்துக்கு ஒரு மாசம் குடுங்க, கிழமைக்கு ஒண்டெண்டு ஓடினா ஒண்டும் நிக்காது.

புளியந்தீவு மறைக்கல்வி:
121யும் சேருங்க தம்பி, எட்டு வசனம். ஒற்றை வசனத்தைப் பெரியவங்க, இரட்டை வசனத்தைப் பிள்ளைகள். பிரயாணம் போற நாளில வாசலில நிண்டு சொல்ல நல்லது. எட்டாம் வசனம் போக்கையும் வரத்தையும் பற்றித்தான். உங்களிட்ட பழைய கத்தோலிக்கப் புத்தகம் இருந்தா எண் ஒண்டு குறைஞ்சு 120 எண்டு இருக்கும், கையேட்டில அதையும் குறிச்சு விடுங்க.